கார் சாவியைக் குளிப்பாட்டின கதை

அவரக்கா நார் உரிச்சிக்கினு இருக்கேன். ரெண்டு காய் உரிச்சா ஒரு வரி எழுதுறேன். ஃபோன் முழுக்க பச்சையா ஒட்டிக்கினு இருக்கு.

இன்னிக்குக் காலைல எனக்கு ஒரே ஒரு வேலைதான். காருக்கு ஆரத்தி எடுக்கணும்.

கார் எங்களுது இல்லீங்க! எங்க வூட்டுக்காரு வல்லம் வடகால்ல ஒரு கம்பெனி மேனேஜர் சாருக்கு டிரைவரா சேர்ந்திருக்காரு. ஒரு வாரம் ஓட்டிக் காட்டணும். சாருக்குப் புடிச்சா பெர்மனென்ட். இத்தினி நாளா யாரு கூப்ட்டாலும் ஓடுற ஆக்டிங் டிரைவரு அவரு. இன்னிக்கு வேலை, நாளைக்கு இல்ல. பெர்மனென்ட்னு காதுல வுழுந்ததுல இருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

நேத்து சாயங்காலம் வண்டிய வூட்டுக்கு எடுத்துக்கினு வந்தாரு. வெள்ளைக் கலரு. எங்க மண்ணூர் சந்துல அது வந்து நின்னா, சந்து அதோட முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். தெருவே வந்து பாத்துச்சு.

இவ்ளோ கண்ணு பட்டா விடுவனா? காலைலயே தட்டு ரெடி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச செவப்புத் தண்ணி, வெத்தல, கற்பூரம்.

அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எனக்கு யோசனை வந்தாலே வூட்ல எல்லாரும் உஷாராவணும். யாரும் ஆவல.

வண்டிக்கு மட்டும் திருஷ்டி கழிச்சா போதுமா? சாவிக்கும் கழிக்க வேணாமா?

அந்தச் சாவி நம்ம பூட்டுச் சாவி மாதிரி கிடையாது. கருப்பா, குண்டா, கரைஞ்ச சோப்பு மாதிரி இருக்கும். எங்கயும் சொருக வேணாம். பாக்கெட்ல இருந்தா போதும், பட்டன அமுக்குனா வண்டி உறுமும். அதை வாங்கி, சந்தனம் பூசி, குங்குமம் வச்சு, தட்டோட ஓரத்துல உக்கார வச்சேன்.

மூணு சுத்து சுத்தினேன். கற்பூரத்த எடுத்து ரோட்டுல வச்சேன். அவரு உள்ள ஏறி உக்காந்தாரு. ஸ்டீரிங்குக்கும் ஒரு பொட்டு வைக்கலாம்னு தட்டோட ஜன்னல் உள்ள எட்டுனேன்.

"சீக்கிரம், சீக்கிரம்! நல்ல நேரம் முடியப்போவுது!"ன்னு பட்டன அமுக்கிட்டாரு.

வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. நான் கைய வெளிய எடுத்தேன். சக்கரத்துக்கு அடில வச்ச எலுமிச்சம்பழம் ரெண்டும் பச்சக்குனு நசுங்குச்சு. கார் போயிடுச்சு. நானும் எங்க பாப்பாவும் டாட்டா காட்டுனோம்.

சாவியும் எங்ககூட நின்னு டாட்டா காட்டிக்கினு இருந்துச்சு. தட்டுல!

எனக்குத் தெரியுமா? நான் பாட்டுக்கு முறைப்படி தட்டுத் தண்ணிய தெரு முனையில ஊத்திட்டு வந்து தோசை ஊத்த ஆரம்பிச்சிட்டேன்.

அங்க அவரு கதை தனி. வண்டி டிங் டிங்னு கத்திக்கினே போயிருக்கு. முன்சீட்ல நான் வச்ச சாப்பாட்டுப் பைக்குத்தான் பெல்ட் கேக்குதுன்னு நெனச்சு, பைக்கு சீட் பெல்ட் போட்டு வுட்டிருக்காரு. அப்பவும் கத்திச்சாம். "நீ சோறு அதிகமா கட்டிட்டன்னு நெனச்சேன்"ன்னு அப்புறம் கேட்ல வச்சு சொன்னாரு. ஸ்ரீபெரும்புதூர் கெஸ்ட் ஹவுஸ்ல சார ஏத்தும்போதும் ஏசி வேணும்னு வண்டிய ஆஃப் பண்ணல. நேரா கம்பெனி கேட்டு.

அந்தக் கேட்ல ஒரு ரூல். யாரா இருந்தாலும் இன்ஜின ஆஃப் பண்ணி, பானெட்ட தெறந்து காட்டிட்டுத்தான் உள்ள போவணும். ஆஃப் பண்ணாரு. காட்டுனாரு. திருப்பி பட்டன அமுக்குனாரு.

ஒண்ணும் இல்ல.

எனக்கு ஃபோன் வந்துச்சு.

"செல்வி, சாவி எங்க?"

"உங்ககிட்டதான் கீது."

"என்கிட்ட இல்ல. வண்டி எடுக்கல. சாவியக் காணோம்னு ஸ்க்ரீன்ல எழுதி வந்துச்சு."

"சாவி இல்லாம எப்டிங்க அவ்ளோ தூரம் போனீங்க?"

"அதான்டி எனக்கும் தெரியல! பின்னால ஷிஃப்ட் பஸ்ஸு வரிசையா நிக்குது! ஸ்பேர் சாவி சாரு வூட்டு பீரோல கீதாம், அவரு வூடு மெட்ராஸ்ல கீது!"

தட்ட பாத்தேன். வெத்தலதான் இருந்துச்சு. தெரு முனைக்கு ஓடுனேன். செவப்புத் தண்ணி நடுவுல சாவி கெடந்துச்சு. ஒரு ஆடு அதை மோந்து பாத்துக்கினு இருந்துச்சு.

கைல எடுத்தா ரத்தக் களறியா இருக்கு. இதைப் போயி மேனேஜர் சார் முன்னாடி எப்டி நீட்டுறது? மானம் போவாது? குழாயடிக்குப் போயி கழுவுனேன். சும்மா கழுவல. பாத்திர சோப்புப் போட்டு, நாரால தேய்ச்சு, ரெண்டு தண்ணி அலசி.

இப்ப பளபளன்னு இருந்துச்சு. எனக்கே பெருமையா இருந்துச்சு!

பக்கத்து வூட்டு மேரி அக்கா ஸ்கூட்டிய எடுத்தாங்க. பாப்பா நடுவுல, நான் பின்னால. பாதி வழியிலதான் குனிஞ்சு பாத்தேன். நைட்டி. மேல ஒரு துண்டு.

"அக்கா, வண்டிய திருப்புங்க. நான் நைட்டில கீறேன்."

"உன் புருஷன் வேலை போயிட்டா நைட்டி கூட மிஞ்சாது. கம்முனு உக்காருடி"ன்னாங்க.

கம்முனு உக்காந்தேன்.

நான் கடையில கூட பேச மாட்டேன். கைய காட்டித்தான் தக்காளி வாங்குவேன். அப்படிப்பட்டவ, அந்தக் கேட்ல போயி எறங்குறேன், வரிசையா பஸ்ஸு, ஜன்னலுக்கு ஜன்னல் தலை, எல்லாத் தலையும் என்னப் பாக்குது. வெளிய மேனேஜர் சாரு கைல பையோட, வெயில்ல நிக்கிறாரு. செக்யூரிட்டி அண்ணன் ஓடி வந்து, "எம்மா, இங்கெல்லாம் நிக்கக் கூடாது, இன்னா வேணும்?"ன்னாரு.

துண்டால மூஞ்ச மூடிக்கினு சாவிய மட்டும் தூக்கிக் காட்டுனேன்.

"வழி வுடுங்கப்பா! சாவி வந்துச்சு!"ன்னு செக்யூரிட்டி கத்துனாரு. பஸ்ஸுல ஒரே விசிலு.

எங்க வூட்டுக்காரு வாங்குனாரு. உக்காந்தாரு. பிரேக்க மிதிச்சு அமுக்குனாரு.

ஒண்ணும் இல்ல. திருப்பியும் 'சாவியக் காணோம்'னு எழுதி வந்துச்சு.

"கைல வச்சிக்கினு இருக்கேன்! காணோம்னா இன்னா அர்த்தம்?"னு அவரு வண்டிகிட்டயே சண்டைக்குப் போயிட்டாரு.

"தள்ளிப் பாக்கலாமா?"ன்னாரு செக்யூரிட்டி. ஸ்டீரிங்கு லாக் ஆயிடுச்சு, திரும்பல. பின்னால பஸ்ஸுங்க எல்லாம் ஹாரன் அடிக்குது. சாரு வாட்ச்ச பாக்குறாரு. திருப்பித் திருப்பி வாட்ச்சயே பாக்குறாரு. அதுக்கு நாலு வார்த்த திட்டிடலாம். அவ்ளோதான், பெர்மனென்ட் போச்சுன்னு எனக்கு அழுவாச்சியே வந்துடுச்சு.

அப்ப முன்னாடி பஸ்ஸுல இருந்து யூனிஃபார்ம் போட்ட ஒரு பொண்ணு எறங்கி வந்துச்சு. தெக்கத்திப் பொண்ணு, ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்குதாம். பேச்சுலயே திருநெல்வேலி தெரிஞ்சுச்சு.

"யக்கா, என்னத்துக்கு அழுதீய? அந்தச் சாவிய இங்க தாங்க."

வாங்கி ஆட்டிப் பாத்துச்சு. உள்ள தண்ணி சளக் சளக்குன்னுச்சு. மோந்து பாத்துச்சு.

"சாவிய குளிப்பாட்டுனீயளோ?"

நான் தலைய மட்டும் ஆட்டுனேன்.

"சோப்பு போட்டா?"

அதுக்கும் ஆட்டுனேன்.

பஸ்ஸே சிரிச்சுச்சு. அந்தப் பொண்ணு சிரிக்கல. "நான் கம்பெனி லைன்ல நாள் முழுக்க இந்த மாதிரி சாவியத்தான் சேத்துப் பூட்டுதேன், பொறுங்க"ன்னு சொல்லிட்டு, சாவிய எங்க வூட்டுக்காரு கைல குடுத்து, "அண்ணே, அந்தப் பட்டன் மேலயே சாவிய ஒட்ட வச்சுக்கிட்டு, சாவியாலயே அமுக்குங்க"ன்னுச்சு.

அமுக்குனாரு.

உறும்ம்ம்ம்!

அஞ்சாறு பஸ்ஸு ஜனமும் கை தட்டுச்சு. பாப்பா எல்லாருக்கும் திருப்பி டாட்டா காட்டுனா. நான் மேரி அக்கா முதுகுக்குப் பின்னால போயிட்டேன்.

மேனேஜர் சாருக்கே ஆச்சரியம். "எப்படிம்மா?"ன்னு கேட்டாரு.

"சார், பேட்டரிதான் தண்ணி குடிச்சு செத்துப்போச்சு. உள்ள ஒரு குட்டி சிப்பு தனியா இருக்கு. அதுக்கு பேட்டரி வேண்டாம். கிட்டக்க ஒட்ட வச்சா வண்டியே அதுக்குக் கொஞ்சம் கரண்ட் குடுத்து, உன் நம்பர் என்னன்னு கேக்கும். அது சொல்லும். நம்பர் சரியா இருந்தா வண்டி கிளம்பும்."

"அப்ப காலைல சாவியே இல்லாம எப்படி வந்துச்சு?"

"கிளப்பும்போது சாவி பக்கத்துல இருந்திருக்கும் சார். ஓடுத வண்டிய சாவி இல்லைன்னு நடுரோட்டுல நிப்பாட்டாது, ஆபத்துல்லா? டிங் டிங்னு கத்தி மட்டும் சொல்லும். கேக்கலையா?"

எங்க வூட்டுக்காரு பெல்ட் போட்டு உக்காந்திருந்த சாப்பாட்டுப் பையப் பாத்தாரு. சாரும் பாத்தாரு.

"கிளப்பும்போது சாவி எங்க இருந்துச்சுப்பா?"

"ஆரத்தித் தட்டுல சார். கண்ணு படக் கூடாதுன்னு... என் வைஃபு..."

சாரு திரும்பி அத்தன பஸ்ஸையும் ஒரு தடவ பாத்தாரு. "கம்பெனியில இனிமே என் மேல படாத கண்ணே இல்ல"ன்னு சொல்லிட்டு ஏறி உக்காந்துட்டாரு.

சிரிச்சாரா, கோவமா, ஒண்ணும் தெரியல. கண்ணாடிய ஏத்திட்டாரு.

அதுல இருந்து நான் காய் உரிக்கிறேன். வூட்ல இருந்த வெங்காயம், பூண்டு எல்லாம் உரிச்சு முடிச்சிட்டு இப்ப அவரக்காய்க்கு வந்திருக்கேன். ஃபோன் பண்ணா அவரு எடுக்கல. கார்ல வந்தா வேலை கீது. ஷேர் ஆட்டோல வந்தா இல்ல. அவ்ளோதான்.

நான் கத்துக்கினது இதுதான்: சாவிக்குப் பொட்டு வைக்கலாம், குளிப்பாட்டக் கூடாது.

இருங்க... சந்துல ஹாரன் சத்தம். ஆட்டோ ஹாரன் மாதிரி இல்ல. பாப்பா ஓடுறா. ஐயோ, கார்தாங்க! வெள்ளைக் காரு! "செல்வி, வெளிய வா! ஒரு வாரம்லாம் வேணாம், பெர்மனென்ட்னு சாரு சொல்லிட்டாரு! வா, ஆனா தட்ட எடுத்துக்கினு வராத!"ன்னு கத்துறாரு, நான் தட்ட இல்லீங்க, கற்பூரம் மட்டும் எடுத்துக்கினு