காணும் பொங்கலும் கட்டுச்சோற்றுப் படகும்

தேங்காய்த்திட்டுக்காரனுக்கு நீச்சல் தெரியாது என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. படகு நிற்கும் ஊர்க்காரன் என்றால் துடுப்போடுதான் பிறந்திருப்பான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எங்கப்பா நடத்தியதோ அரிசிக் கடை. (தண்ணீரோடு எனக்கிருந்த உறவெல்லாம் வாளியும் சொம்பும்தான்.)

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, தலைப்பொங்கலுக்கு முத்தியால்பேட்டையில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். காணும் பொங்கலன்று பொடிசுகள் உட்பட மொத்தக் குடும்பமும் ஊசுட்டேரிக்குக் கிளம்பியது. ஏரி நிரம்பிக் கிடந்தது. எதிர்க்கரை மரநிழலில் சாப்பிடலாம் என்றார்கள். கூடைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றி நடப்பானேன் என்று மாமனார் தெரிந்தவர் ஒருவரிடம் படகு கேட்டு வாங்கினார்.

"மாப்ள ஓட்டிக்கினு வந்துடுவாரு. தேங்காத்திட்டாச்சே!"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். புது மாப்பிள்ளை கெத்து விடவில்லை. புளிசோறு, தயிர்சோறு, வடை எல்லாம் ஏறின; நானும் ஏறினேன். மற்றவர்கள் கரையோரமாக நடந்தார்கள்.

துடுப்பைப் போட்டேன். படகு வட்டமடித்தது. வேகமாகப் போட்டேன், வேகமாக வட்டமடித்தது. அவர்கள் எதிர்க்கரை சேர்ந்து, கைகழுவி, பந்தியே போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் சுற்றிச் சுற்றியே எப்படியோ அந்தக் கரைப்பக்கம் வந்து, கோரைக்குள் சிக்கி நின்றேன்.

புது மாப்பிள்ளையை யார் திட்டுவது?

"மாப்ள ஏரியச் சுத்திப் பாக்குறாரு" என்றார் மாமனார்.

"நிதானமா வாங்க மாப்ள, யாருக்கும் பசிக்கல!" என்று கூவினார் அத்தை. பொடிசுகள் பசியில் அலறுவது எனக்கே கேட்டது. மானம் கப்பலேறிவிட்டது, நான்தான் படகிலேயே இருந்தேன்.

கடைசியில் என் மனைவி வசந்தா பொங்கல் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"ஐயய்யோ, ஆழம்! வராத!"

"இடுப்பளவுகூட இல்ல. எறங்கித் தள்ளுங்க."

"எனக்கு நீச்சல் தெரியாது."

"நடக்கத் தெரியுமில்ல?"

தெரியும். ஆனாலும் இறங்கப் பயம். படகுக் கயிற்றைத் தோளில் போட்டு அவளே இழுத்தாள். வடைக்கும் புளிசோற்றுக்கும் நடுவில் உற்சவர் மாதிரி உட்கார்ந்தபடி கரை சேர்ந்தேன். மாமனார் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "நல்லவேள, சோறு நனையல" என்றார். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்குத்தான் பேசவில்லை. இப்போது அத்தைக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. குடும்பத்தோடு வெளியே போக நான் கார் சாவியை எடுத்தால் போதும், தடியை ஊன்றி எழுந்துவிடுவார்.

"மாப்ள கார்ல வரட்டும். சோத்துக்கூடைய எங்கிட்ட குடுங்க, நான் நடந்தே வந்துடறேன்."