சுத்துறதெல்லாம் மெசின்

காலிதீன் முதலாளியாகிவிடுவது என்று முடிவெடுத்தார்.

கடை வைத்து அல்ல. போட் வாங்கி. கல்முனைக்குடிக் கடற்கரையில் ஒரு போட்டும் அதற்கொரு மெசினும் வைத்திருப்பவனைக் கண்டால் ஊரே முதலாளி என்றுதான் கூப்பிடும். அந்த ஒரு சொல்லுக்காகக் காலிதீன் பன்னிரண்டு வருசம் ஏங்கிக் கிடந்தார். நிந்தவூரிலிருந்து ஹாஜறாவைக் கலியாணம் முடித்துக்கொண்டு இங்கே வந்த நாளில் அவருடைய சொந்தப் பெயர் காணாமல் போயிருந்தது. இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுகிறவன். வீடு ஹாஜறாவுடையது, கிணறு ஹாஜறாவுடையது, வேலியோரத்து முருங்கையும் ஹாஜறாவுடையது. பள்ளிவாசலில், சந்தையில், பஸ் தரிப்பில், எங்கே போனாலும் அவர் 'ஹாஜறாட மாப்புள'. ஒரு தரம் காலிதீன் என்று பெயர் போட்டு வந்த கலியாண அழைப்புக் காட்டை, அப்படி ஒரு ஆள் இந்தத் தெருவிலேயே இல்லை என்று பக்கத்து வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே சூறாவளி அடித்து இரண்டாம் வருசம், வாப்பா வழியில் வந்த வயல் துண்டைத் தன் தம்பிக்கே விற்றுவிட்டு, காரைதீவுச் சாமித்தம்பியிடம் ஒரு பழைய போட்டை மெசினோடு வாங்கினார். சாமித்தம்பி மகளுக்கு வீடு கட்ட வேண்டியிருந்ததால் விற்றான். போட்டை ஓட்டத் தானே வருவதாகவும் சொன்னான். காலிதீன் ஹாஜறாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் முதலாளி எப்படி ஆவது?

கடல் வழியே போட்டைக் கொண்டுவந்து கரையில் ஏற்றிவிட்டு, மெசினைத் தோளில் சுமந்து வந்து வீட்டு முன்னறையில் இறக்கினான் சாமித்தம்பி.

"போட் கரையில கிடக்கட்டும் காக்கா. மெசின் வீட்டிலதான் கிடக்கணும், இல்லாட்டிக் களவு போயிரும். கடலால வந்த உடன நல்ல தண்ணியில கழுவணும். உப்பு நிண்டா அதுட உசிரு போயிரும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் காலிதீன். தெரியாது.

சாமித்தம்பி போனதும் ஹாஜறா வந்தாள்.

"என்ன இது?"

"மெசின்."

"எண்ட ஊட்டுக்குள்ள என்னத்துக்கு?"

"போட் மெசின் புள்ள. இனி நான் போட் முதலாளி."

"வயல்?"

"அது... தம்பிக்கிட்ட இரிக்கி."

ஹாஜறா மெசினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். துரு, கீறல், கம்பியால் கட்டிய மூடி. "ஆரோ ஒங்கள நல்லா ஏமாத்திச் சுத்திப்போட்டாங்க" என்றாள். பிறகு ஒன்றும் பேசவில்லை. ஹாஜறா பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது பன்னிரண்டு வருசத்துப் பாடம். அன்றைக்குக் காலிதீன் அதை மறந்துவிட்டார். அதோடு, உப்பு கேட்டு வந்த பக்கத்து வீட்டு றம்லா வேறு வாசலில் நின்றாள். ஆள் பார்க்கக் கதைக்கிறபோது காலிதீனுக்குக் குரல் தடித்துவிடும்.

"இஞ்ச பாரு புள்ள, நல்லாக் கேட்டுக்க. இந்த மெசினுல பொம்புளக் கை படப்படாது. மெசின் எண்டா ஆம்பிளைட வேல."

"மெசின் எண்டா எதெது?" என்று ஹாஜறா பணிவாகக் கேட்டாள்.

"சுத்துறதெல்லாம் மெசின். எதிலயாவது ஒண்டு சுத்தினா அது மெசின். வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சி. சுத்தாதது?"

"சுத்தாததெல்லாம் சில்லறை. அத நீ வெச்சிக்க."

"போட் சுத்துமா?"

காலிதீன் விழுந்து விழுந்து சிரித்தார். "போட் என்னத்தச் சுத்துற? அது வெறும் கட்ட! வெடிப்பு அடைக்கிற, பெயிண்ட் பூசுற, வலைக் கிழிசல் பொத்துற, அதெல்லாம் நீ ஆளப் புடிச்சிப் பாரு. எனக்கு மெசின் இரிக்கி."

"றம்லா, மச்சான் சொல்றது கேட்டிச்சா?"

"கேட்டிச்சி றாத்தா. சுத்துறது மச்சானுக்கு. சுத்தாதது ஒங்களுக்கு."

றம்லாவின் காதில் விழுந்தது பின்னேர அசர் தொழுகைக்கு முன் கடைத்தெருவுக்கு வந்துவிடும். வந்தது.

காலிதீன் மெசினைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நல்ல தண்ணியில் கழுவச் சொன்னானே! மூடியைக் கழற்றினார். தலையில் வாளி வாளியாக ஊற்றினார். சவுக்காரம் போட்டார். தேங்காய்த் தும்பால் உரஞ்சினார். இடுக்குகளில் விரல் விட்டு அழுக்கு எடுத்தார். அப்பாடா என்று இன்னும் நாலு வாளி ஊற்றினார்.

வேலிக்கு மேலால் றம்லாவின் தலை தெரிந்தது. "ஆரு மச்சான் குளிக்கிற?"

"மெசின்."

"காதுக்குள்ள தண்ணி போகாமப் பாருங்க. தலைக்கு எண்ணெய் வெக்கல்லியா?"

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். காலிதீன் யோசித்துப் பார்த்து, சரியென்று தேங்காயெண்ணெயும் வைத்தார்.

அடுத்த நாள் விடிய சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனார். சாமித்தம்பிக்குச் சொல்லவில்லை, முதல் தரம் முதலாளியே மெசினைக் கிளப்ப வேண்டும் என்று ஆசை. கரைவலைக்காரர்கள் வலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிஸ்மி சொல்லிக் கயிற்றை இழுத்தார். மெசின் ஒரு தரம் இருமியது. வாயால் சவுக்கார நுரை வந்தது. இன்னும் இழுத்தார். தோள்மூட்டு கழன்றதுதான் மிச்சம்.

"ஹாஜறாட மாப்புளட மெசினுக்குக் குளிச்சுத் தடிமன் புடிச்சிருக்கி!" என்று யாரோ கத்தினான். கரை முழுக்கச் சிரித்தது. காலிதீனுக்கு அழுகை வரப் பார்த்தது. வயலும் போயிற்று, முதலாளியும் ஆகவில்லை. மெசினைத் தூக்கிக்கொண்டு பின் ஒழுங்கையால் வீட்டுக்கு வந்தார்.

சாமித்தம்பியைக் கூப்பிட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தானே பார்ப்பது என்று மெசினை முருங்கைக்குக் கீழே சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். அப்போது ஹாஜறா மண்ணெண்ணெய்க் குக்கரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இது எரியுதில்ல. பாருங்க."

"குக்கருக்கு நான் என்ன செய்ய?"

"திரி ஏத்துற திருகு சுத்துதெல்லோ? மெசின். எண்ட கை படப்படாது."

குக்கர் எரிந்தது. பிறகு தையல் மெசின் வந்தது. அதற்கு எண்ணெய் விட்டபின் தேங்காய் திருவுற மெசின் வந்தது.

"இது பழுதில்லையே புள்ள?"

"ஆரு பழுதெண்டு சொன்ன? தேங்கா திருவித் தாங்க. புடிய ஆராவது சுத்தணுமே!"

அடுத்த நாள் கிணற்றுக் கப்பி.

"கப்பி எப்ப மெசினாச்சி?"

"அது சுத்தாம என்ன செய்யிது, நிண்டு தொழுவுதா?"

மா திரிக்கும் திரிகையைக் காட்டியபோது காலிதீன் கும்பிடாத குறை. "புள்ள, நான் சொன்ன சொல்லத் திருப்பி எடுத்துர்றன்."

"எடுங்க. எனக்கென்ன? றம்லா! மச்சான் சொல்ல மாத்துறாராம், வந்து கேளு!"

"வாணாம், வாணாம்" என்று காலிதீன் திரிகைப் பிடியைப் பிடித்தார். சொன்ன சொல்லை மாற்றினால் முதலாளி எப்படி ஆவது?

அவர் திரித்தார், திருவினார், அள்ளினார். ஹாஜறா பின்னேரங்களில் குடையை எடுத்துக்கொண்டு றம்லாவோடு கடற்கரைப் பக்கம் போய் வந்தாள். "எங்க போற?" என்று கேட்டால், "சுத்தாத வேல" என்பாள். நல்லது, தொல்லையில்லை என்று காலிதீன் விட்டுவிட்டார்.

ஒருநாள் சாமித்தம்பி வந்து நின்றான். யார் சொல்லி வந்தான் என்று கேட்கக் காலிதீனுக்கு நேரமில்லை. மடியில் பாதித் தேங்காய். சாமித்தம்பி மெசினை மோந்து பார்த்தான்.

"என்ன காக்கா, கறி தாளிச்ச வாசம் வருது?"

"கழுவி எண்ணெய் வெச்ச."

சாமித்தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ காக்கா! நான் கழுவச் சொன்னது வயித்த. நீங்க தலையக் கழுவியிருக்கீங்க! தண்ணிக்குள்ள கால மட்டும் வெச்சு ஓட விட்டா அதுவே உறிஞ்சி உள்ளுக்குக் கழுவிக்கும்."

உள்ளே புகுந்த தண்ணீரை வடித்தான். பிளக்கைக் கழற்றித் துடைத்து வெயிலில் காயவைத்தான். ஹாஜறா நெல் அவிக்கிற தகரப் பரலைத் தந்தாள். "பரல் சுத்தாது. அது எண்ட" என்று சொல்லித்தான் தந்தாள். பரலில் தண்ணீர் நிறைத்து, மெசினை விளிம்பில் மாட்டி, காலைத் தண்ணீருக்குள் விட்டுக் கயிற்றை இழுத்தான். மெசின் உறுமியது! கோழிகள் கூரையில் ஏறின. காலிதீன் தேங்காயைப் போட்டுவிட்டு எழும்பிச் சாமித்தம்பியைக் கட்டிப்பிடித்தார். அவ்வளவு சந்தோசம்.

"நாளைக்கு விடியக் கடல்! நானும் வருவன், முன்னால அணியத்துல நான்தான் இரிப்பன்" என்றார்.

விடிந்தது. காலிதீன் பெட்டிக்குள் கிடந்த கலியாணத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

"எங்க போறீங்க?" என்றாள் ஹாஜறா. "கடலுக்குப் போற ஆக்களுக்கு இடியப்பம் குடுத்தனுப்ப வாணாமா? தண்ணி அள்ளணும், மா திரிக்கணும், தேங்கா திருவணும். எல்லாம் சுத்துறது."

அள்ளினார். திரித்தார். இடியப்பம் அவிந்து, றம்லா கையில் போயிற்று. மெசின் முன்னமே சாமித்தம்பி தோளில் போயிருந்தது. மத்தியானக் கறிக்கு இன்னும் ஒரு தேங்காய் இருந்தது. அதைத் திருவிக்கொண்டிருக்கும்போது கடல் பக்கமிருந்து மெசின் சத்தம் கேட்டது. கணீரென்ற சத்தம். அவருடைய மெசின்தான். அவர் இல்லாமலே அது தூரத் தூரப் போய்க் காற்றோடு கரைந்தது.

மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம், பாரை மீன் கோவையோடு சாமித்தம்பி வேலிக் கடப்படியில் நின்று கூப்பிட்டான்.

"முதலாளி நிக்கிறாவா?"

முதலாளி! காலிதீனுக்கு உச்சந்தலை குளிர்ந்தது. அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. தேங்காய்ப்பூக் கையோடு ஓடினார்.

"நிக்கிறன், நிக்கிறன்! வா சாமித்தம்பி!"

"நீங்க இல்ல, மெசின்காரர். போட் முதலாளியக் கேக்கிறன். றாத்தாவ."

"என்ன கதைக்கிறாய்? போட் எண்ட!"

"மெசின்தானே உங்கட? போட்ட நீங்க றம்லாக்கு முன்னால குடுத்திட்டீங்களாமே. ஊருக்கே தெரியும். ஆள் புடிச்சு வெடிப்ப அடைச்சது றாத்தா. வலை பொத்தினது றாத்தா. என்னக் கூப்பிட்டதும் றாத்தாதான். அணியத்தில பெரிய எழுத்தில பேரும் போட்டிருக்கி, ஹாஜறா எண்டு. வடிவான பச்சப் பெயிண்ட்." சாமித்தம்பி கோவையிலிருந்து மிகச் சின்ன மீன் இரண்டைக் கழற்றி அவர் கையில் வைத்தான். "இந்தாங்க, மெசின்காரர்ர பங்கு."

காலிதீன் மெல்லத் திரும்பினார். குசினி வாசலில் ஹாஜறா நின்றாள்.

"புள்ள... நீ என்னச் சுத்திப்போட்டாய், என்ன?"

"அல்லாஹ்வே!" என்று ஹாஜறா வாயில் கை வைத்தாள். "நான் எப்பிடிச் சுத்துற? சுத்துறதெல்லாம் ஆம்பிளைட வேலயெல்லோ!"