ஷஹாத்தா அடைகாத்த படலம்

வாழ்க ஷஹாத்தா. முப்பத்தோராண்டு செங்கற்சூளையின் தீவாய்க்குள் புகுந்து, சுட்ட கல்லை அது சூடாறுமுன் முதுகிலேற்றி வெளிவந்த மறவன். நெருப்புக்கு ஒருநாளும் முதுகு காட்டாதவன், காட்டியபோதும் கல் சுமக்கவே காட்டியவன். இடுப்பில் இரண்டு எலும்பு இடம் பெயர்ந்ததும் மேஸ்திரியால் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெருந்தானைத் தலைவன். நைலின் நீர் வாய்க்கால் வழியே வந்து வயல் நனைக்கும் ஃபயூமில், பூச்சுப் பூசாத வீட்டின் மொட்டைமாடியில், அறுபது புறாக்களுக்குக் கொற்றவனாக வீற்றிருந்த அவனைப் பாடுவோம். பாட வேறு எவனும் முன்வராததால் நாமே பாடுவோம்.

போரின் காரணம் இது. அந்தக் குளிர்காலத்தில் கழிச்சல் நோய் என்னும் கூற்றுவன் அவ்வீட்டுக் கோழிப்படையை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போனான். எஞ்சியவை பெட்டை ஐந்து, சேவல் ஒன்று. அவை ஃபயூமின் நாட்டுக்கோழிகள். வெள்ளிக் கழுத்தும் கருவரிச் சிறகும் கொண்ட அழகிகள். ஆனால் முட்டையிட்ட அக்கணமே தம் கடமை தீர்ந்ததென்று எழுந்து, திரும்பிப் பாராமல் நடக்கும் கல்நெஞ்சக்காரிகள். அடையில் உட்கார் என்றால் உட்காரா. ஆகவே அவ்வூர்ப் பெண்கள் முட்டைகளை வான்கோழியின் வயிற்றுக்கடியில் வைப்பார்கள். அப்படித்தான் முலூக்கியாக் கீரையை இருகைக் கத்தியால் இமைப்பொழுதில் பொடியாக்கும் இன்ஷிராஹ், நம் தலைவனின் இல்லக்கிழத்தி, பத்து நாள் சேர்த்த இருபத்தைந்து முட்டைகளைக் கூடையிலிட்டு, பக்கத்து வீட்டுப் பஹீகாவின் வான்கோழியை நாடிப் புறப்பட்டாள்.

வாசலை மறித்து நின்றான் ஷஹாத்தா. மலை மறித்தாற்போல் நின்றான் என்று சொல்லலாம். இடுப்பு வலியால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்பதும் உண்மை.

"கூடைய கீழ வை, உம்மு ரஜப். எங்க தாத்தா சாணம் எரிச்சுச் சூடேத்துன மண்ணுக் கூண்டுக்குள்ள தவழ்ந்து போயி, ஒரே தடவைல ஆயிரம் முட்டை பொரிச்சவரு. முட்டைய எடுத்துக் கண்ணிமைல வெச்சா போதும், சூடு கூடவா கொறச்சலான்னு சொல்லிடுவாரு. அந்த ரத்தம்டி இது. பஹீகாவோட வான்கோழி கிட்ட போயி நான் கையேந்தணுமா?"

"உங்க தாத்தா பொரிச்சாரு. நீங்க பொரிச்சது எது?" என்றாள் இன்ஷிராஹ். "போன தடவ அவிக்கச் சொன்ன முட்டையே வெடிச்சுப் போச்சு."

சொற்போர் நண்பகல் வரை நீண்டது. முடிவில் இருவரும், தம்மை உம்முவும் அபூவும், அதாவது தாயும் தந்தையும், ஆக்கிய மகன் ரஜபின் தலைமேல் ஆணையிட்டு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன் நிபந்தனையை இன்ஷிராஹ் இவ்வாறு முழங்கினாள்:

"நல்லா கேட்டுக்கங்க, அபூ ரஜப். பொறந்த பிள்ளைங்கள ஏழாம் நாளு சல்லடைல போட்டுக் குலுக்குறோம் இல்ல? அதே மாதிரி, பொரிச்ச ஏழாம் நாளு என் சல்லடைல பாதிக்கு மேல குஞ்சு நிக்கணும். பதிமூணு. பன்னெண்டு நின்னாலும் நீங்க தோத்தீங்க. புறாக் கூண்டு என் கோழிங்களுக்கு. புறா அத்தனையும் வயித்துல பச்சைக் கோதுமை அடைச்சு அடுப்புக்கு."

அறுபது புறாக்களும் அவ்வேளை வானில் வட்டமிட்டு மகிழ்ந்திருந்தன. தம் தலைமேல் தொங்கும் கோதுமையை அவை அறியவில்லை.

கோட்டை எழுந்தது. செத்துப்போய் மாடிப்படிக்கடியில் சாத்திக் கிடந்த குளிர்ப்பெட்டி ஒன்றே அக்கோட்டை. ஒரு காலத்தில் தண்ணீரைப் பனியாக்கியது, இனி உயிரைச் சூடாக்கப் போவது. அதன் உள்ளே இரட்டைச் சூரியரென இரண்டு நூறு வாட் பல்புகள்; அடியிலே ஈரப்பதம் காக்கும் தண்ணீர்க் கிண்ணம் என்னும் கடல்; நடுத்தட்டிலே, ஒரு பக்கம் கரிக்கோடு இழுத்த இருபத்தைந்து முட்டைகள், வெள்ளைக் குடை விரித்த சேனைபோல். நாளுக்கு மூன்று முறை அவற்றைப் புரட்ட வேண்டும். கோடு மேலே, கோடு கீழே, மறுபடி மேலே. மூவேழ் நாள் இந்நோன்பு.

"ஒரு தெர்மாமீட்டர் வாங்கியாந்து உள்ள மாட்டுங்களேன்" என்றாள் இன்ஷிராஹ்.

அதைக் கேட்டு நகைத்தான் நம் தலைவன். கண்ணாடிக் குச்சிக்குள் அடைபட்ட வெள்ளிநீரா சூளை கண்டவனுக்குச் சூடு சொல்லும் என்று நகைத்தான். முட்டையொன்றை எடுத்தான், வலக்கண்ணை மூடினான், இமைமேல் வைத்தான், யோகியர் போல் அசைவற்றிருந்தான். பிறகு திருவாய் மலர்ந்தான்: "கச்சிதம்."

நாளுக்கு ஐந்து முறை வைத்தான். ஐந்து முறையும் கச்சிதம்.

மதிலுக்கு அப்பால் துணி காயப்போட வந்த பஹீகா, தேர்ந்த புலவர்களும் நாணும் வசைக்கவி, இதைக் கண்டு சும்மா போகவில்லை.

"அபூ ரஜப், அடைல உக்காந்துட்டீங்களாமே? இறக்கை மொளைச்சா சொல்லுங்க, என் வான்கோழிக்கு மாப்பிள்ள தேடிக்கிட்டு இருக்கேன்."

"எத்தனை முட்டைன்னு மட்டும் கேக்காத, பஹீகா. கண்ணு படும்."

"நீங்கதான் நாளுக்கு அஞ்சு தடவ கண்ணுல வெக்கிறீங்களே. என் கண்ணு வேறயா படணும்?"

ஏழாம் நாள் கைபேசி விளக்கை முட்டைக்கடியில் பிடித்து உள்ளே பார்த்தார்கள். பத்தொன்பதில் சிலந்தி வலைபோல் செந்நரம்பு ஓடிற்று. நடுவே ஒரு கரும்புள்ளி துடித்தது. ஆறு முட்டைகள் வெறுமையாய் இருந்தன. அவற்றைக் களைந்தார்கள். பத்தொன்பதில் பதின்மூன்று என்று மனத்துக்குள் கணக்கிட்ட தலைவன், மாடியேறிப் புறாக்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பன்னிரண்டாம் நாள்தான் இக்காவியத்தின் இருண்ட நாள். காலையில் புறாக்களுக்குச் சோளம் தூவ மாடியேறியவன், சோளப்பையைக் கீழேயே மறந்துவிட்டதால் பாதிப் படியில் திரும்பி இறங்கினான். இறங்கியவன் கண்டான். கோட்டைக் கதவு திறந்திருந்தது. மூடாதபடி இடையில் பித்தளை உரலின் சிற்றுலக்கை செருகியிருந்தது. கோட்டை முன் மண்டியிட்டு, முட்டையொன்றைத் தன் இமைமேல் வைத்துக் கண்மூடி இருந்தாள் இன்ஷிராஹ்.

துரோகம் என்று கர்ச்சிக்க வாயெடுத்தான். அவளோ கண் திறக்காமலே, "சத்தம் போடாதீங்க. இன்னும் கொஞ்சம் ஆறணும்" என்றாள்.

"என்னடி பண்ற?"

"ரெண்டாம் நாள்ல இருந்து பண்றதத்தான் பண்றேன். நீங்க மாடிக்குப் போனதும் கதவத் தொறந்து வெப்பேன். நீங்க எறங்குற சத்தம் கேட்டா மூடிடுவேன். உள்ள வேகுதுங்க, அபூ ரஜப். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தோலுரிச்சு உப்பு வெச்சுத் திங்கலாம்."

"கச்சிதமாத்தான இருந்துச்சு. நான் பாத்தேன்."

அவள் எழுந்தாள். சமையற்கட்டுக் கூடையிலிருந்து ஆறிய முட்டை ஒன்றை எடுத்து வந்தாள். கோட்டையிலிருந்து ஒன்றை எடுத்தாள். "கண்ண மூடுங்க" என்றாள். ஒன்றை வலது இமையில் வைத்தாள், பிறகு மற்றதை.

"எது சூடு?"

முப்பத்தோராண்டு சூளையின் வாயைப் பார்த்து நின்ற முகம் அது. புருவமயிர் கருகிக் கருகி முளைப்பதையே விட்டிருந்தது. இமைத்தோல் பழைய செருப்பின் வார்போல் தடித்துக் கிடந்தது. கூலி கொடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூளை இமையின் உணர்வை வாங்கிக்கொண்டதை அன்றுவரை அவன் அறியவில்லை, சூளையும் சொல்லவில்லை. மீண்டும் வைக்கச் சொன்னான். இடது இமையிலும் வைக்கச் சொன்னான்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. சூடான முட்டையை மட்டும் பத்திரமாகக் கோட்டைக்குள் வைத்தாள்.

"இப்ப நான் தோத்துட்டேனா?" என்று கேட்டான், சூளையில் கல் சரிந்தபோதும் குரல் உடையாத அம்மறவன்.

"ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். முட்டை என்னோடது, அத நான் காப்பாத்துறேன். புறா உங்களோடது. அத நீங்க காப்பாத்துங்க."

அன்றுமுதல் போர்முறை மாறிற்று. அவளுடைய இமை ஆணையிட்டது, அவன் வாயிற்காவலனானான். "தொற" என்றால் சிற்றுலக்கையைச் செருகினான். "மூடு" என்றால் உருவினான். ஒரு பல்பைக் கழற்றச் சொன்னாள், கழற்றினான். சுட்டதா என்று கேட்டாள், தெரியவில்லை என்றான். பதினெட்டாம் நாள் புரட்டுவதை நிறுத்தினார்கள். இருபதாம் நாள் மாலை ஓடு ஒன்றுக்குள்ளிருந்து கீச்சென்று முதல் போர்முரசு கேட்டது. அதைச் செவிமடுத்த ஷஹாத்தா, ரஜப் பிறந்தபோது தான் சூளையிலிருந்ததை எண்ணினான்.

இருபத்தோராம் நாள் ஓடுகள் வெடித்தன. வெண்மதில் பிளந்து வீரர் வெளிப்பட்டனர். நனைந்த நூற்பந்துபோல் விழுந்து, மூச்சு வாங்கி, பிறகு பஞ்சாய்ப் பூத்தனர். நண்பகலுக்குள் பன்னிரண்டு. ஆறு முட்டைகள் அசையவே இல்லை. பன்னிரண்டாம் நாளுக்கு முன்பட்ட சூட்டில் அடங்கியவை அவை; இன்ஷிராஹ் அவற்றைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் மாமரத்தடியில் புதைத்தாள். எஞ்சியது ஒன்று. பதின்மூன்றாவது. அதன் ஓட்டில் கடுகளவு ஓட்டை விழுந்து, அலகின் நுனி தெரிந்து, அத்தோடு நின்றுவிட்டது.

அறுபது புறாக்களின் உயிர் அக்கடுகளவு ஓட்டையில் ஊசலாடிற்று. அவன் கை நீண்டது. ஒரு நகத்தால் போதும். கல்லையே பிளந்த நகம்.

"கைய எடுங்க" என்றாள் இன்ஷிராஹ். "உள்ள ரத்தம் இன்னும் வத்தல. இப்ப பிச்சா செத்துரும். அதுவா வரணும்."

"வரலன்னா?"

"வரலன்னா கோதுமைய ஊற வெக்கிறேன்."

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். அந்தி வரை குந்தியிருந்தான். இடுப்பு இற்றுப்போகிறதென்று அலறியது, கேளாதவன்போல் இருந்தான். பொழுது சாயும்வேளையில் ஓடு சுற்றிலும் கீறி, மூடி கழன்று, உள்ளிருந்து ஓர் ஈரப்பொட்டலம் உருண்டது. எழுந்து நிற்கப் பார்த்தது. இரு கால்களும் கத்தரிபோல் விரிந்து வயிற்றில் விழுந்தது.

அதன்பின் ஆறு நாள் நடந்ததை ஆயிரம் நாவிருந்தாலும் பாடித் தீராது. ஒரே நாவுள்ள நாம் சுருக்குவோம். பழைய காயக்கட்டுத் துணியை நூலளவு கிழித்து, அக்குஞ்சின் கால்களை உரிய இடைவெளியில் இணைத்துக் கட்டினான், சாரம் கட்டுபவன் நேர்த்தியோடு. அலகைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுக் குடிக்கப் பழக்கினான். அவித்த மஞ்சட்கருவைத் தூளாக்கி உள்ளங்கையில் ஏந்தினான். பின்புறம் எச்சம் ஒட்டி அடைத்தபோது, வெந்நீரில் துணி நனைத்து, வெந்நீர் அளவாயிருக்கிறதா என்று இன்ஷிராஹிடம் காட்டிக் கேட்டு, துடைத்துவிட்டான். பெட்டிக்குள் பல்பைத் தாழ்த்துவதா உயர்த்துவதா என்று தன் தோலைக் கேட்கவில்லை, குஞ்சுகளைக் கேட்டான். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஒதுங்கி வாய் பிளந்தால் வெக்கை. பரவிக் கிடந்து உறங்கினால் சரி. பதின்மூன்றாவதைத் தன் வெள்ளைத் தொப்பிக்குள் வைத்து மடியிலேந்தி அமர்ந்த கோலத்தைப் பஹீகா கண்டாள். கண்டும், அதிசயமாக, ஒன்றும் சொல்லவில்லை. ஏழாம் நாளுக்காகச் சேர்த்துவைத்திருந்தாள்.

ஏழாம் நாள். சல்லடை வந்தது. இன்ஷிராஹ் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கண்பட்டுவிடும் என்று வாய்விட்டு எண்ணவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பன்னிரண்டு நின்றன. ஷஹாத்தா தொப்பிக்குள் கைவிட்டுப் பதின்மூன்றாவதை எடுத்து, கால்கட்டை அவிழ்த்து, நடுவில் விட்டான். அது தள்ளாடிற்று. பக்கத்துக் குஞ்சின்மேல் சாய்ந்தது. பிறகு, கள்ளுண்டவன் சண்டைக்கு எழுவதுபோல், இரு காலையும் ஊன்றி நின்றது.

இன்ஷிராஹ் குனிந்து பார்த்தாள். "நிக்குது" என்றாள். "புறா உங்களோடதுதான்."

அப்போது சல்லடைச் சடங்குக்கு வந்திருந்த பஹீகா பித்தளை உரலைச் சல்லடையருகே வைத்து, அதே சிற்றுலக்கையை, பிஞ்சுச் செவிகள் அதிராதபடி மெல்ல இடித்து, பிறந்த பிள்ளைக்குச் சொல்லும் முறைப்படி உரக்க ஓதினாள்:

"அம்மா பேச்சக் கேளுங்க. அப்பன் பேச்சக் கேக்காதீங்க. அப்பனோட கண்ணிமைய கனவுல கூட நம்பாதீங்க."

இன்ஷிராஹ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதை மறைக்க முடியவில்லை. "நீ சொல்லிட்டியா இவகிட்ட?" என்றான். "ரெண்டாம் நாளே தெரியும்" என்றாள் பஹீகா. "உலக்கைய கடன் கேட்டு வந்தேன், கதவுல மாட்டியிருக்கேன்னா."

ஆனாலும் வென்றவன் வென்றவனே. அறுபது புறாக்கள் வெண்கொற்றக் குடையென வானில் சுழல, பதின்மூன்று குரல்கள் சல்லடையில் வாகை பாட, சூளைத்தீ கண்டஞ்சாத மாவீரன், குளிர்ப்பெட்டிக் கோட்டையின் காவலன், முடக்காற் குஞ்சை நிமிர்த்தி நிறுத்திய மருத்துவன், கண்ணிமை கொண்டு வெம்மை அளந்த குலத்தின் கடைசிக் கொழுந்தாகிய ஷஹாத்தா, கழுத்து நிமிர்த்தி, மார்பு விரித்து, நாற்றிசையும் ஒருமுறை நோக்கி நின்றான்.

மறுநாள் காலையில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தான்.