திரையில் ஏறிய பாஸ்வேர்டு

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று வண்டன்மேட்டில் பெயரெடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பிரிண்டரில் சிக்கிய தாளை உருவிக் கொடுத்தாலே போதும், 'தம்பிக்குத் தெரியாதது கிடையாது' என்பார்கள். கேட்கக் கேட்க நாமும் அதை நம்பிவிடுவதுதான் ஆபத்து. நான் முழுசாக நம்பியிருந்தேன்.

ஏலக்காய் ஏல மையத்தில் எனக்கு வேலை. வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விலை கேட்பார்கள். என் கம்ப்யூட்டரில் தெரிவது அப்படியே சுவரில் இருக்கும் பெரிய திரையில் ஓடும். அன்று காலை ஏல மென்பொருள் அப்டேட் கேட்டு அடம்பிடித்து நின்றுவிட்டது. எங்கள் ஆபீஸில் இணையம் நேராக வராது. நடுவில் புராக்ஸி என்று ஒரு வாட்ச்மேன் உண்டு. பெயரும் பாஸ்வேர்டும் சொன்னால்தான் வெளியே விடுவான். பிரவுசர் என்றால் அவனே பெட்டி போட்டுக் கேட்பான். இந்த அப்டேட்டுக்கோ, கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்து, பெயர், பாஸ்வேர்டு, புராக்ஸி முகவரி மூன்றையும் ஒரே வரியில் கொடுக்க வேண்டும்.

பெரிய திரையை அணைத்துவிட்டுச் செய்திருக்கலாம். (அணைக்கிற ஆளா நான்?) முன்வரிசையில் சாந்தன்பாறை அருளப்பன் உட்கார்ந்திருந்தார். ஏலக்காய்த் தோட்டக்காரர், ஜான்சியின் அப்பா. ஜான்சியும் நானும் விரும்புவது அவருக்குத் தெரியாது. வருகிற ஞாயிறு கம்பத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் என் அருமை அவருக்குப் புரிந்தாக வேண்டும். நான் மளமளவென்று கமாண்ட் அடிப்பதைப் பார்த்தால் தானாகப் புரியும் என்பது என் கணக்கு.

அடித்தேன். பெட்டியில் அடித்தால் பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாக மறைந்துகொள்ளும். கமாண்ட் வரியில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. என் பாஸ்வேர்டு: ஜான்சி, அடுத்து ஒரு @, அடுத்து சாந்தன்பாறை, கடைசியில் ஒரு #. ஆங்கில எழுத்தில், பெரிசு பெரிசாக, சுவரில் நின்றது. நான் அதைக் கவனிக்காமல் என்டரைத் தட்டினேன்.

அந்த வரியில் @ வந்தால், அதற்குப் பின்னால் இருப்பது புராக்ஸியின் முகவரி என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். # வந்தால் முகவரி முடிந்தது என்று மிச்சத்தைப் பார்க்கவே பார்க்காது. ஆகவே அது புராக்ஸியை விட்டுவிட்டு சாந்தன்பாறையைத் தேடிப் போனது. சாந்தன்பாறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திரும்பி வந்தது. கேபிள் லூஸ் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி அடித்தேன். பிறகு இன்னொரு முறை.

பின்வரிசையிலிருந்து ஒரு வியாபாரி நிதானமாகச் சொன்னார்: "ஜான்சி இருக்கா. சாந்தன்பாறையத்தான் காணோமாம்."

ஹாலே சிரித்தது. திரும்பிச் சுவரைப் பார்த்தேன். மூன்று வரியிலும் ஜான்சி. அருளப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஹெட் ஆபீஸுக்குப் போன் போட்டேன். அங்கிருந்த சார், பாஸ்வேர்டில் @ வரும் இடத்தில் %40, # வரும் இடத்தில் %23 என்று அடிக்கச் சொன்னார்; அப்போதுதான் அவை பாஸ்வேர்டின் பகுதியாகவே போகுமாம். பெரிய திரையை அணைத்துவிட்டு அடித்தேன். (கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.) அப்டேட் இறங்கியது, ஏலமும் நடந்தது. முடிந்ததும் அருளப்பன் நேராக என் மேசைக்கு வந்தார்.

"எத்தன நாளா இந்தப் பாஸ்வேர்டு?"

அண்ணாச்சி என்று கூப்பிட நினைத்தேன். பயத்தில் வாயில் வேறு வார்த்தை வந்துவிட்டது. "ரெண்டு வருசமா, மாமா. மூணு மாசத்துக்கு ஒருக்க மாத்தணும்னு ஆபீஸ்ல சட்டம். கடைசிக் குறிய மட்டுந்தான் மாத்துவேன். பேர மாத்துனதில்ல."

ஏலக்காய் சாம்பிளைப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஜான்சிட்ட கேக்கேன்," என்றார். "அவளுக்கும் சம்மதம்னா, கம்பத்துக்காரவுகள்ட்ட நான் பேசிக்கிடுதேன். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் ஒங்க அப்பாவக் கூட்டிட்டு வாரும்."

எங்களுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. ஞானஸ்நான விருந்தில்கூட மாமனார் விடவில்லை. புதிதாக வந்த சொந்தக்காரர் ஒருவரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "எல்லாரும் பொண்ணு கேட்டு ஆள் அனுப்புவாக. இவரு ஏல ஹால்ல எழுதிப் போட்டுக் கேட்டாரு, அதுவும் மூணு தரம். மூணு தரம் ஆனப்பொறம் குடுக்காம இருக்க முடியுமா?"