டொக்கைப் பங்கிட்ட அலுவலகம்

சத்தத்தை அடக்கிய பேரரசர்கள் வரலாற்றில் உண்டு. ஆனால் ஒரு சத்தத்தைச் சட்டப்படி, சரிசமமாக, ஒருவர் மனமும் கோணாமல் பங்கிட்டுக் கொடுத்த பெருமை அந்த ஆறு மாடி அலுவலகத்துக்கு மட்டுமே உரியது.

சத்தம் லிஃப்டில் பிறந்தது. உச்சியில் இருந்த பல்சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டொக்' என்றது. மனுவோடு வருகிற முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் ஏற்றி இறக்கியபடி நாள் முழுக்க அதன் அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் லிஃப்ட் ஓட்டுநர். நான்காம் மாடியில் இருந்த 'அலைப் பகுப்பாய்வுப் பிரிவு' அவருடைய தங்கை. பிரிவு என்றால் அவளும் ஒரு பழைய கணினியும்.

"ஏம்மா, தலைக்கு மேல எவனோ சுத்தியலோட உக்காந்திருக்கான். ஒருநாள் மொத்தமா இறங்கிடுவான் போல."

"நிறுத்திட வேண்டியதுதானே அண்ணா?"

"நானா நிறுத்துனா வேலை போயிடும். சத்தம் எந்தப் பிரிவோடதோ, அந்தப் பிரிவுத் தலைவர் 'ஆபத்து'ன்னு கையெழுத்துப் போடணுமாம்."

அன்றே அவள் மைக்கோடு உச்சிக்கு ஏறி டொக்கைப் பதிவு செய்தாள். அடுக்குக்குறி ஃபூரியர் தொடர் என்னும் கணித முறையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் எந்தச் சத்தத்தையும் சுழலும் வட்டங்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்பது அதன் வாக்குறுதி. ஒரு மடங்கு வேகத்தில் ஒரு வட்டம், இரு மடங்கில் ஒன்று, மூன்று மடங்கில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் சுற்றும் ஒரு ஜோடி. எந்த வட்டத்தின் பங்கு வேண்டுமோ, அதற்கு எதிராகச் சுழலும் வட்டத்தால் சத்தத்தைப் பெருக்கி, ஒரு சுற்று முழுக்கத் தொகையிட்டு, சுற்றின் நேரத்தால் வகுக்க வேண்டும். வேண்டாதவை எல்லாம் சுற்றிச் சுற்றிப் பூஜ்யமாகிவிடும். வேண்டியது மட்டும் அசையாமல் நிற்கும். அவளுக்கு இது எப்போதும் கொஞ்சம் மாயமாகவே இருக்கும்.

பத்து ஜோடி வரை கணக்கிட்டாள். எல்லாப் பங்குகளும் ஏறக்குறைய சமம். கூர்மையான தட்டலின் அடையாளமே அதுதான். 'பல் உடைகிறது' என்று அடிக்கோடிட்டு இயக்குநரிடம் கொண்டுபோனாள்.

இயக்குநர் அடிக்கோட்டைத் தாண்டிப் பட்டியலுக்குப் போனார். முகம் மலர்ந்தது.

"எல்லாம் சமமா இருக்கே! உன்னோடத விட்டா நம்மகிட்டயும் பத்துப் பிரிவு இருக்கு. ஆளுக்கு ஒரு ஜோடி."

நேராகச் சுற்றும் வட்டம் பிரிவுத் தலைவருக்கு. எதிராகச் சுற்றுவது துணைத்தலைவருக்கு. ஒரே வேகத்தில் எதிரெதிராகச் சுற்றுவது அவர்களுக்குப் புதிதும் அல்ல.

"நடுவுல பூஜ்யம்னு ஒண்ணு தனியா நிக்குதே?"

"அது சராசரி சார். சுத்தாது, அசையாது."

"அசையாததெல்லாம் என் பங்கு," என்றார் இயக்குநர் கம்பீரமாக. "எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள்.

மூன்று வாரத்தில் இருபத்தொரு சான்றிதழ்கள் வந்தன. 'எமது பங்கில் வழவழப்பான, ஒழுக்கமான ரீங்காரம் ஒன்று மட்டுமே உள்ளது. டொக் எதுவும் தென்படவில்லை.' யாரும் பொய் சொல்லவில்லை. அவள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், தனித்தனியா எல்லாமே ரீங்காரம்தான். ஆனா ஒவ்வொரு சுத்துலயும் ஒரு கணம் எல்லா அலையோட உச்சியும் ஒண்ணா வந்து சேரும். கூட்டிப் பாத்தா டொக்!"

"கூட்டுறது எந்தப் பிரிவு?"

யோசித்தாள். "அப்படி ஒரு பிரிவே இல்ல சார்."

"இல்லாத பிரிவோட வேலைய நீ ஏம்மா இழுத்துப் போட்டுக்கற?"

அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இருபத்தொரு பேரும் ஆபத்தில்லன்னுட்டாங்களா? ரொம்பப் பெரிய மனசு. ஆனா ரெண்டு மாசமா அதுல ஒருத்தர்கூட என் லிஃப்ட்ல கால் வைக்கலம்மா. இயக்குநர் முழங்கால் வலியோட ஆறு மாடி ஏறுறாரு. மூச்சு வாங்குது, ஆனா முகத்துல சிரிப்பு."

அவளுக்கு ஒன்று உறைத்தது. கூட்டுவதற்குப் பிரிவுதான் இல்லையே தவிர, லிஃப்ட் இருக்கிறது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது: 'சான்றளித்த பெருமக்கள் அனைவரும் வெள்ளிக்கிழமை காலை, எட்டெட்டுப் பேராக லிஃப்டில் பயணம் செய்து மக்களுக்கு நம்பிக்கை ஊட்டுவார்கள்.'

அந்த அலுவலகத்தின் ஆற்றலை அன்றுதான் உலகம் கண்டது. மூன்று வாரம் எடுப்பவர்கள் மூன்றே மணி நேரத்தில் கூடினார்கள். 'படியேறுவோம், பலம் பெறுவோம்' என்னும் உடல்நல இயக்கம் உதயமானது. லிஃப்ட் சோம்பலை வளர்ப்பதால் உடனே நிறுத்தப்படுகிறது. முதியவர்களின் மனுக்கள் இனிமேல் கீழ்த்தளத்திலேயே பெறப்படும். ஒரே தாளில் இருபத்தொரு கையெழுத்துகள். முதல்முறையாக எல்லா உச்சிகளும் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன.

ஓடாத லிஃப்டைத் திறந்து பார்க்க யார் அனுமதியும் தேவையில்லை. அண்ணன் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். மெக்கானிக் சக்கரத்தைத் தொட்டார். ஒரு பல் கையோடு வந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா, உங்க படத்துக்கு மாலை போட்டிருப்பாங்கண்ணே," என்றார்.

அவள் அந்தப் பல்லை இயக்கத்தின் வெற்றிக் கூட்டத்துக்கு எடுத்துப்போய் மேசை நடுவில் வைத்தாள். இருபது பேரும் கூரையைப் பார்த்தார்கள். இயக்குநர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"இது எந்தப் பிரிவுன்னு பாத்து... பங்கு போட்டு..."

"தேவையில்ல சார்," என்றாள் அவள். பல்லை மெதுவாக அவர் முன்னால் நகர்த்தினாள். "இது சுத்தாது, அசையாது. முழுசும் உங்க பங்கு."