இனிப்பு மருந்து

"மருந்துன்னா கசக்கும்தானே? நம்ம மாட்டுக்கு மட்டும் ஏம்ப்பா இனிப்பு மருந்து?"

மகள் இப்படிக் கேட்டதும், அவசரம் அதையே மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டார். எதற்கும் முந்திக்கொண்டு வாயைத் திறப்பதால் ஊரார் அவருக்கு வைத்த பெயர்தான் அவசரம்.

கன்று போட்டு ஒரு மாதமாகியும் மாட்டுக்குச் சீழ் வடிவது நிற்கவில்லை. கருப்பையில் கிருமி. டாக்டரம்மா கெட்டியான குளுக்கோஸ் கரைசலைக் கருப்பைக்குள் செலுத்தினார்.

"காய்ச்சல் இல்ல, நல்லாத் தின்னுது. இதுவே கிருமியை வாட்டிடும். ஆன்டிபயாடிக் போட்டா பாலை விக்க முடியாது. இப்ப தாராளமாக் கொடுக்கலாம்."

வீட்டில் அடுப்பெரிவதே அந்த ஒரு மாட்டால்தான். அவசரம் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் பால் சொசைட்டி வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் சீண்டினார்.

"என்ன, மாட்டுக்கு வெறும் சர்க்கரைத் தண்ணியாமே?"

அவசரத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யார் சொன்னா? இருக்கறதுலயே பெரிய ஊசியாக்கும்!"

பால் வாங்கும் பெண் கேனைத் தள்ளி வைத்தாள். "ஊசி போட்ட மாட்டுப் பால் எடுக்க மாட்டோம்ண்ணே."

"ஐயோ, ஊசி இல்லம்மா! சர்க்கரைதான்!"

"பாலைக் கெட்டியாக் காட்டச் சர்க்கரை வேற கலக்கறீங்களா?"

"பால்ல இல்லம்மா, மாட்டுல!"

வரிசை கொல்லென்று சிரித்தது. செயலாளர் எழுந்து வந்தார்.

"சர்க்கரை இருக்கா இல்லையான்னு சோதனைக் குழாய் சொல்லிடும். ஊசி இல்லன்னு யாருய்யா சொல்றது? எடுத்துட்டுப் போ!"

அவசரம் டாக்டரம்மாவிடம் ஓடினார். அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நேரே சொசைட்டிக்கு வந்தார். அந்தப் பாலையே காய்ச்சச் சொல்லி, எல்லாரும் பார்க்க ஒரு டம்ளர் குடித்தார்.

"போதுமா?"

"நாளைக்கும் குடிப்பீங்களா?" செயலாளர் விடுவதாயில்லை.

மூன்று நாள் வந்து குடித்தார். நான்காம் நாள் பாலை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் மாடும் தேறியது.

டாக்டரம்மா யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்க மாட்டார். சொல்லிக்காட்டாமல் உதவியவருக்குச் சொல்லாமல்தான் திருப்பித் தர வேண்டும் என்று அவசரத்துக்குத் தோன்றியது. தினமும் மதியவேளையில் தெரு காலியாக இருக்கும்போது, அவர் வீட்டு வாசலில் ஒரு செம்பு பாலை மூடிவைத்துவிட்டு நழுவினார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. வாழ்க்கையில் அவர் முதன்முதலாக வாயை அடக்கியது அப்போதுதான்.

ஏழாம் நாள் மாட்டாஸ்பத்திரி உதவியாளர் எதிர்ப்பட்டார்.

"யாரோ ஒரு மகராசன் தினமும் அம்மா வாசல்ல பால் வெச்சுட்டுப் போறான்."

அவசரம் வானத்தைப் பார்த்தார். மனசு குளிர்ந்துபோயிருந்தது. "அப்படியா! குடிக்கிறாங்களா?"

"அட நீங்க வேற, தெருப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துடறாங்க. அம்மாவுக்குத்தான் சின்ன வயசுலேர்ந்தே பால் ஆகாதே. ஒரு வாய் குடிச்சாலும் போதும், விடியவிடிய வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளுவாங்க!"