சொட்டு மாமாவும் சீனி ஒட்டிய விரல்களும்

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகத் தேடினாலும், சொட்டு மாமாவுக்கு ஒரு சொட்டு ரத்தம் கொடுக்காத ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. தொட்டில் பிள்ளைகளும் நானும் மட்டும் தப்பித்தோம். தொட்டிலையும் அவர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்த அப்பாவுக்கு, கொழும்பில் இருக்கும் மகள் ரத்தம் சோதிக்கும் சின்ன மெஷின் ஒன்றை அனுப்பிவைத்தாள். விரலில் குத்தி, வரும் சொட்டு ரத்தத்தை மெஷினில் செருகிய மெல்லிய பட்டியில் தொட்டால் ஐந்து விநாடியில் எண் வந்துவிடும். ஆயுள் முழுக்க எஞ்சினோடு மல்லுக்கட்டியவர் அதிலே சொக்கிப்போனார்.

"பட்டி நுனியில ஏதோ சரக்கு தடவியிருக்கானுங்க தம்பி. அது ரத்தத்துல உள்ள சீனிய மட்டும் தேடிப் புடிச்சு கரண்டா மாத்திடுது. எவ்வளவு கரண்டோ அவ்வளவு சீனி. என் எஞ்சினுக்குக்கூட இந்த மூளை கெடையாது!" என்று சொல்லிக்கொண்டே நம் விரலைப் பிடித்துவிடுவார். ஆளுக்கொரு புது ஊசி, ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு. அதில் மட்டும் குறை சொல்ல முடியாது.

சாவு வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துக் குத்தினார். மே தினக் கூட்டத்தில் ஒரு தலைவர், "உங்களுக்காக ரத்தம் சிந்தவும் தயார்!" என்று கையை நீட்டினார். மேடைக்குக் கீழே நின்ற மாமா அந்த விரலைப் பிடித்துவிட்டார். தலைவர் போட்ட அலறல் மைக் வழியாக அடுத்த தோட்டம் வரை கேட்டது.

"நூத்திப் பதினெட்டு. நல்லாத்தான் இருக்கீங்க, பேசுங்க" என்றார் மாமா.

நான் மட்டும் தேயிலைச் செடிகளுக்குள் பதுங்கிப் பதுங்கிக் காலத்தை ஓட்டினேன்.

என் தங்கை புஷ்பத்துக்கும் ராகலைப் பையன் குமாருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். ஒருநாள் பத்து மணித் தேத்தண்ணிக்குக் கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் பால் விடாத சாயத்தண்ணியில் சீனி போடமாட்டார்கள். இடது உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிப்பார்கள். குடித்து முடித்த கைகளை நோக்கி மாமா வந்தார்.

"கல்யாணப் பொண்ணுல இருந்து ஆரம்பிப்போம்."

நானூற்று அறுபத்திரண்டு.

மாமா மெஷினைத் தட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவளுக்குக் குத்தினார். முந்நூற்றுத் தொண்ணூறு. ஈர்க்குச்சி போல இருக்கும் வேலாயி அக்காவுக்கு ஐந்நூற்று முப்பத்து மூன்று! பதினொரு பேரில் முந்நூறுக்குக் கீழே ஒருத்தியும் இல்லை. மலையே அழுதது. வேலாயி அக்கா அங்கேயே தன் சேலைகளை யார் யாருக்கு என்று பிரித்துக் கொடுத்தாள். குத்தாமலே தலை சுற்றி, கங்காணி புல்லில் படுத்துவிட்டார்.

சாயந்திரத்துக்குள் செய்தி ராகலைக்குப் போய்விட்டது. குமாரின் அம்மா எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டார். "நோய்க்காரப் புள்ள எங்களுக்கு வேணாங்க. தப்பா நெனைக்காதீங்க."

அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள். குமார் அழைத்த போனைப் புஷ்பம் எடுக்கவே இல்லை. கூறைச் சேலையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமாவை அடித்தே விடுவதென்று மறுநாள் காலை கிளம்பினேன்.

அவர் வாசலில் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "தம்பி, விடிஞ்சதும் பார்த்தேன், நூத்தி நாப்பது. அஞ்சு நிமிஷத்துல ஐந்நூத்தி அறுபதுங்குது. அப்படி ஏற வழியே இல்லியே?"

பக்கத்தில் சாயத்தண்ணி. மகளுக்குத் தெரியாமல் இடது உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி. நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப் போட்டது.

மலைத்தண்ணீர் விழும் பீலிக்கு ஓடி, சோப்புப் போட்டுக் கழுவி, குத்தினார். நூற்று நாற்பத்தாறு.

"மெஷின் பொய் சொல்லல தம்பி! சீனி இருந்துச்சு. ரத்தத்துல இல்ல, விரல்ல! பஞ்சால தொடச்சா போதும்னு நெனைச்சேனே, பாவி!"

கை கழுவிய புஷ்பத்துக்குத் தொண்ணூற்றாறு. மாமா அவள் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு கை கழுவ ஒரு பேசின், சோப்பு, மெஷின் எல்லாம் எடுத்து, என்னையும் புஷ்பத்தையும் கூட்டிக்கொண்டு ராகலைக்கு பஸ் ஏறினார்.

குமாரின் அம்மா நம்பவில்லை. "அப்ப நீங்களே கையில சீனி கொட்டி ஒரு வாய் நக்கிப் பாருங்கம்மா" என்றார் மாமா. அவரும் நக்கினார். மாமா அந்தக் கை விரலில் குத்தினார். ஐந்நூற்று நாற்பது! அம்மாள் அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதீங்க. இப்பப் பாருங்க வித்தைய." மாமாவே பேசினில் அவர் கையைக் கழுவினார். வேறு விரலில் குத்தினார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றது. மறுபடி கழுவினார். இன்னொரு விரல். முந்நூற்று எட்டு.

"இது... உள்ள இருக்கிறதுதாங்க" என்றார் மெதுவாக.

அம்மாள் சேலைக்குக் கீழே காலை இழுத்துக்கொண்டார். புஷ்பம் குனிந்து பார்த்தாள். பெருவிரலில் ஆறாத புண். மாதக்கணக்காக மகனுக்குக்கூடக் காட்டாமல் மறைத்திருக்கிறார். மறுநாளே புஷ்பம் அவரை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்றார்களாம்.

"நோய்க்காரின்னு சொன்னேனே தாயி" என்று அவர் பஸ்ஸிலேயே அழுதிருக்கிறார்.

கல்யாணம் நடந்தது. பந்திக்கு முன்னால் மாமா பேசினோடு நின்றார். பந்தி முடிந்ததும் மெஷினோடு நின்றார்.

போன வருடம் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். ராகலையிலிருந்து வந்த புஷ்பம் ஒப்பாரியில் சேரவில்லை. பேசினும் சோப்பும் கேட்டாள். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, இடது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள்.

"கடைசி வரைக்கும் திருட்டுத்தனமா சீனி நக்குன கைண்ணே" என்றாள்.

நான் தண்ணீர் ஊற்றினேன். எத்தனையோ வருடம் நான் பயந்து ஒளிந்த அந்தக் கை, எழுந்து ஒரே ஒரு தடவை என் விரலைப் பிடித்துக் குத்தாதா என்றிருந்தது.